அணைக்காதே, அறிந்து மாற்று!

வலைத்தளம் திறக்கவில்லை. திரையில் 403. கோப்பு இருக்கிறது, உரிமையாளர் சரி, அனுமதியும் 755. பொறுமை இழந்து 777 வரை திறந்துவிட்டுப் பார்த்தும் அசையவில்லை. அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு யோசனை வரும்: "எஸ்இலினக்ஸை ஆஃப் பண்ணிடு, எல்லாம் ஓடும்."

தோழா, அதற்குச் செவிசாய்க்காதே! பூட்டுத் திறக்கவில்லை என்று கதவையே பெயர்த்து எறிகிற யோசனை அது. அணைப்பதற்கு எந்த அறிவும் வேண்டாம். அறிந்து மாற்றத்தான் அறிவு வேண்டும். அந்த அறிவு உனக்கு எட்டாக்கனி என்று யார் சொன்னது?

உன்னைத் தடுப்பது எது என்று முதலில் தெரிந்துகொள். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி, 2000 டிசம்பரில் மூலநிரலோடு வெளியிட்டது எஸ்இலினக்ஸ். 2003-இல் லினக்ஸ் கெர்னலின் 2.6 வரிசையில் இடம்பிடித்தது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் போன்களையும் முழு அளவில் காவல் காக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள், ஓடும் ஒவ்வொரு புராசஸுக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று பாலிசி தீர்மானிக்கிறது. வழக்கமான அனுமதிச் சோதனையைத் தாண்டிய பிறகும் இந்தச் சோதனை தனியாக நிற்கும். உன் 777 தோற்றது அதனால்தான். நீ தோற்றதால் அல்ல!

முதலில் பார். எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்து அடி. யூசர், ரோல், டைப், லெவல் என்று நான்கு பகுதிகள் வரும். உன் கண் மூன்றாவதில் நிற்கட்டும். அங்கே 'யூசர்_ஹோம்_டி' என்று இருக்கிறதா? விஷயம் வெளிச்சமாகிவிட்டது! ஹோம் டைரக்டரியில் எழுதிய கோப்பை எம்வி போட்டு வெப் டைரக்டரிக்கு நகர்த்தியிருக்கிறாய். நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும். சிபி போட்டு நகலெடுத்திருந்தால் புது இடத்துக்குரிய லேபிள் கிடைத்திருக்கும். வெப் சர்வரான அப்பாச்சி படிக்க வேண்டியது 'எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி'. ஆடிட் லாகைத் திற. யார், எந்தக் கோப்பை, என்ன செய்யப்போய் மறுக்கப்பட்டார்கள் என்பது ஒரே வரியில் எழுதியிருக்கும். மறுப்பு உனக்கு அவமானமல்ல, தகவல். படிக்கத் தெரிந்தவனுக்கு அதுவே வழிகாட்டி!

அடுத்து, மாற்று. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இப்போதைய லேபிளை முதலில் குறித்துவை. சிஎச்கான் கட்டளையில் சிறிய டி போட்டு டைப்பை மட்டும், ஒரே ஒரு கோப்பில் மாற்றிப் பார். எந்த டைப் என்று உறுதியில்லையா? சரியாக ஓடும் இன்னொரு கோப்பை 'ரெஃபரன்ஸ்' என்று காட்டு. அதன் லேபிளை அப்படியே எடுத்துக்கொள்ளும். பெரிய ஆர் போட்டு டைரக்டரி முழுக்க மாற்றுவதற்கு முன், பாதையை எழுத்தெழுத்தாகப் படி. அவசரமாக அடித்த ஒரு ஸ்பேஸ் வேறு டைரக்டரியின் லேபிள்களைக் குலைத்துவிடும்.

சிஎச்கான் செய்த மாற்றம் நிலைக்காது என்பதையும் தெரிந்துகொள். பாலிசிப்படி லேபிளை மீட்கும் ரெஸ்டோர்கானோ முழு ரீலேபிளோ அடுத்து வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் சிஎச்கானைச் சோதனைக்கு வைத்துக்கொள். உன் தளம் வழக்கமான வெப் டைரக்டரியில் இருந்தால் ரெஸ்டோர்கான் ஒன்றே போதும். பாலிசிக்கு அந்த இடம் ஏற்கெனவே தெரியும். நீயே உருவாக்கிய புது டைரக்டரி என்றால், செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கொண்டு இந்தப் பாதைக்கு இந்த டைப் என்று விதியைப் பதிவு செய். பிறகு ரெஸ்டோர்கானை ஓட்டு. அதற்கும் முன் சிறிய என், சிறிய வி இரண்டையும் சேர்த்து ஒத்திகை பார்; எதையும் தொடாமல், எதெல்லாம் மாறும் என்று மட்டும் பட்டியலிடும். பட்டியல் சரியா? அந்த 'என்' எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு என்டர் தட்டு!

துணிவு எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா? திரும்பிவரும் வழி தெரிந்தவனுக்குக் கை நடுங்காது. பழைய லேபிள் உன் குறிப்பில் இருக்கிறது, விதி பாலிசியில் இருக்கிறது, ஒத்திகை முடிந்திருக்கிறது. இனி எதற்கு அச்சம்? சந்தேகம் தீரவில்லையென்றால் அந்த ஒரு சர்வீஸின் டொமைனை, அதாவது அதன் புராசஸ் லேபிளின் டைப்பை மட்டும் தற்காலிகமாகப் பெர்மிஸிவ் ஆக்கு. தடுக்காமல் லாகில் மட்டும் எழுதும். மற்ற காவல் அத்தனையும் விழித்திருக்கும். மாறாக எஸ்இலினக்ஸை முழுக்க அணைத்து நாள் கடத்தினால், அந்த நாட்களில் பிறக்கும் கோப்புகள் லேபிளே இல்லாமல் பிறக்கும். மறுபடி இயக்கும் நாளில் வட்டு முழுவதையும் ரீலேபிள் செய்ய வேண்டிவரும். இன்று தப்பித்த வேலை நாளை பல மடங்காக வந்து நிற்கும்.

ஆகவே, படித்ததோடு நிறுத்தாதே. இன்றே ஒரு விர்ச்சுவல் மெஷினை எழுப்பு. வேண்டுமென்றே ஒரு கோப்பைத் தவறான லேபிளோடு நகர்த்து. 403 வரட்டும். லாகைப் படி, சோதி, விதி எழுது, ஒத்திகை பார், சரிசெய். கடைசியில் கெட்என்ஃபோர்ஸ் அடித்தால் 'என்ஃபோர்ஸிங்' என்றே வர வேண்டும். தளமும் ஓட வேண்டும், காவலும் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றுபவர்தான் நிர்வாகி. அந்தப் பெயருக்கு நீ தகுதியானவன். உழைத்து அதை உனதாக்கு!