கணையமும் கொல்லாமையும்

புலால் மறுத்த ஒருவர் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த மருந்தை விழுங்கலாமா? கடலூரில் எங்கள் வீட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக வரவில்லை. அப்பா வள்ளலார் வழி நடந்த சன்மார்க்கி, தைப்பூச ஜோதிக்கு எங்களை வடலூர் கூட்டிப்போகத் தவறாதவர். அக்கா இன்றுவரை முட்டைகூடத் தொட்டதில்லை.

அக்காவுக்குக் கணையத்தில் கல். மதுவே அறியாதவர்களுக்கும் தென்னிந்தியாவில் வருகிற நோய் இது. கணையம் இன்சுலினை இரத்தத்தில் விடுகிறது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸைக் குடலுக்குச் சுரக்கிறது. இரண்டுமே அவளுக்குக் குறைந்துபோயின. சர்க்கரை ஏறியது. தின்ற நெய் மலத்தில் மிதந்து வெளியேறியது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதோடு போயின. தட்டு நிறையச் சாப்பிட்டும் எலும்பாய் இளைத்தாள்.

சிதம்பரத்தில் பார்த்த மருத்துவர் இன்சுலினும் லைபேஸ் கேப்சூலும் எழுதிக்கொடுத்தார். இன்சுலினில் சங்கடமில்லை. ஒரு காலத்தில் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். பாக்டீரியாவில் உருவாக்கிய மனித இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்கா அனுமதி தந்தது. லைபேஸுக்கு அந்த விடிவு வரவில்லை. பூஞ்சையிலிருந்து எடுப்பதும் உண்டு; ஆனால் கணையம் கைவிட்டவர்களுக்கு வழக்கமாகத் தருவது பன்றியினுடையதைத்தான்.

"அப்பா இருந்தா இத வாயில போட விடுவாராடா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

விடுவார். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், புலால் உண்பவர்களைப் புறவினத்தார் என்று விலக்கியே வைத்தார். அவர்களுக்கும் பசியை மட்டும் ஆற்றச் சொன்னார். 1867இல் வடலூர்த் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு சாதி, சமயம் பாராமல் இன்றும் எரிகிறது. கொல்லாமை அவருக்கு உயிரிரக்கத்திலிருந்து பிறந்தது. அந்த இரக்கம் பசித்த உயிரைத் தவிக்கவிட்டு நோன்பு காக்காது. உண்டும் உடம்பில் ஒட்டாத பசியும் பசிதான். பசித்திருப்பது தன் உயிரே ஆனாலும் அதற்கும் இரங்கத்தான் வேண்டும்.

அதற்காக 'மருந்துதானே' என்று அந்தப் பன்றியை மறப்பதை நான் ஏற்கமாட்டேன். இறைச்சிக்குக் கொன்றதில் மிஞ்சிய கணையம் என்பார்கள். கொலை கொலைதான். அக்கா கைகூப்பிவிட்டே கேப்சூலை விழுங்குகிறாள். அது சரி என்றே எனக்குப் படுகிறது.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடல் நுண்ணுயிர்களை அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வயிற்று அமிலத்தில் கெடாத லைபேஸை அவற்றிலிருந்து தேடித் தாருங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சன்மார்க்க அன்பர்களே, உங்களில் யாருக்கேனும் இந்த நோய் இருந்தால், அதுவரை கேப்சூலை நிறுத்திவிடாதீர்கள்.