கல்லூரி மன்றமும் நம் பெண்மக்களும்



பௌர்ணமி நாளில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று அமர்ந்திருக்கும் உங்கள் முன் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு வீட்டுக் கேள்வி. கல்லூரிகள் திறந்தது முதல் தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரிலும் நம்மைச் சந்திக்கும் பெற்றோர் பலர் இதையே கேட்கின்றனர்: "ஐயா, பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அங்கே மாணவியர் மன்றம் என்று ஒன்று உண்டாம். கூட வரும்படி தோழிகள் அழைக்கிறார்கள். நாமோ பௌத்தர்கள். சேர விடலாமா, கூடாதா?"

கேள்வி சிறிதாகத் தோன்றும். ஆயினும், தலைமுறை தலைமுறையாகக் கல்லூரி வாயிலைக் காணாத குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒரு பெண் அங்கே கால் வைக்கிறாள். அவள் யாரோடு உட்காருகிறாள், யாரோடு உண்கிறாள், தன் பெயரையும் ஊரையும் எப்படிச் சொல்கிறாள் என்பதில் நாம் ஏற்ற தம்மம் நிமிர்ந்து நிற்பதும் தலை குனிவதும் அடங்கியிருக்கின்றன. ஆகவே சற்று விரித்தே ஆராய்வோம்.

இதற்கு நம்மிடையே இருவகை விடை வழங்குகின்றது. ஒரு சாரார், "வீடு விட்டால் கல்லூரி, கல்லூரி விட்டால் வீடு, வேறு சகவாசம் வேண்டாம்" என்கின்றனர். மற்றொரு சாரார், "அவர்கள் செய்வதையெல்லாம் செய்து கூட்டத்தோடு கலந்துவிடு; பௌத்தம் வீட்டோடு இருக்கட்டும்" என்கின்றனர். முதல் விடை அச்சத்தில் பிறந்தது. இரண்டாவது விடை வெட்கத்தில் பிறந்தது. அச்சமும் வெட்கமும் நமக்கு ஆசிரியர்கள் ஆகா.

பெண்ணைத் தனியே நிறுத்துவதால் விளையும் தீங்கைப் பாருங்கள். பத்தடி அறையில் ஐவர் படுத்துறங்கும் வீட்டுப் பெண்ணுக்குப் படிக்க இடம் இல்லை. மேல்வகுப்பு மாணவியின் பழைய புத்தகமும், எழுதிவைத்த குறிப்பும், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்ற செய்தியும் அவளுக்குத் தோழியர் வழியாகவே கிட்டுகின்றன. படித்த தகப்பன் வீட்டுப் பெண்ணுக்கு இவை வீட்டிலேயே கிடைக்கும். நம் பெண்ணுக்கோ கூட்டுறவே தகப்பன் வீட்டுச் சொத்து. மேடையேறிப் பேசும் துணிவும் மன்றத்தில்தான் வளரும். இதை அவளுக்கு மறுப்பது நாமே அவள் வழியை அடைப்பதாகும்.

பகவான் புத்தர் நட்பைச் சிறு பொருளாக எண்ணினாரல்லர். நல்லோர் கூட்டுறவு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் கருதியபோது, பகவான் அவரைத் திருத்தி, அறவாழ்வு முழுமையுமே அதில் அடங்கியிருக்கிறது என்று உணர்த்தினார். சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு உபதேசித்தபோது, நண்பர்போல வரும் பகைவர் யார், உண்மை நண்பர் யார் என்பதை வகைப்படுத்திக் காட்டினார். நல்ல துணை கிட்டாதவிடத்துத் தனித்துச் செல்லுதலே மேல் என்றும் போதித்தார். ஆகவே, சேருவதா விலகுவதா என்பதற்கு முன்னே, அந்த மன்றம் எத்தகையது என்ற கேள்வி நிற்கிறது.

நிற்க. அதை அறிவது எவ்வாறு? மூன்று கேள்விகளால் அறியலாம்.

முதற் கேள்வி: உள்ளே விடுமுன் வாயிற்படியில் என்ன கேட்கிறார்கள்?

மும்பையில் பெயர் சொன்னவுடன் அடுத்துக் கேட்பது குடும்பப் பெயர். தமிழராகிய நமக்கு அவ்விடத்தில் தகப்பன் பெயரே நிற்கும். அதைக் கேட்டு வகை புரியாதவர்கள், "எங்கே வீடு?" என்பார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகின்றனர். தாராவி என்னாமல் சயான் என்றும் மாகிம் என்றும் சொல்லுகின்றனர். பௌத்தர் என்னாமல் வேறொன்று சொல்லுகின்றனர்.

அவர்களைக் கடிந்துகொள்ள நாம் விரும்பவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் முகம் மாறும் உலகமே முதற்குற்றவாளி. ஆயினும் நான்காம் சீலத்தை ஏற்ற நாம் ஒன்றைத் தெளிவாகக் கொள்ள வேண்டும். கேளாததை வலியச் சொல்ல வேண்டியதில்லை, மௌனம் பொய்யன்று. கேட்டபின் பொய் சொல்லுதலே ஆகாது. ஏனெனில், முதல் நாள் சொன்ன ஒரு பொய்யை மூன்று ஆண்டு காவல் காக்க வேண்டும். தோழியை வீட்டுக்கு அழைக்க இயலாது. தகப்பன் கல்லூரி வாயிலுக்கு வந்தால் நெஞ்சு நடுங்கும். யாரேனும் தாராவியைப் பழித்துச் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டிவரும். தன்னைப் பெற்றவர்களைத் தானே பழிக்கும் நிலையைவிடப் பெரிய நுழைவுக் கட்டணம் எது? அந்தக் கட்டணம் கேட்கும் மன்றம் வேண்டாம்.

சான்றிதழில் பௌத்தர் என்று எழுதினால் சலுகை போய்விடும் என்று அஞ்சுவோரும் உளர். 1950ஆம் ஆண்டின் தாழ்த்தப்பட்டோர் ஆணை 1990இல் திருத்தப்பட்டு, பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். மதம் மாறியதால் மட்டும் அவ்வுரிமை நீங்குவதில்லை என்பதைப் பெற்றோர் அறிவாராக.

இரண்டாம் கேள்வி: புதிதாக வந்தவளை எவ்வாறு நடத்துகிறார்கள்?

அமெரிக்க நாட்டுக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துக்களால் பெயர் பெற்ற மாணவியர் சங்கங்கள் உண்டு. அவற்றில் சேருவோர் ஒருவரையொருவர் சகோதரி என்பர். சேருமுன் சடங்கும் உறுதிமொழியும் உண்டு. சிலவிடங்களில் புதியவர்களை இழிவுபடுத்திச் சோதிக்கும் வழக்கமும் புகுந்து, உயிர்ச்சேதம் வரை சென்றிருக்கிறது. நம் நாட்டில் இது ராகிங் என்ற பெயரில் நடமாடுகிறது. மகாராஷ்டிரத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் கடுமையான விதிகளை வகுத்தது. விளையாட்டு என்ற பெயரில் நடக்கும் இழிவைப் பெண் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அன்றே வீட்டில் சொல்லட்டும், கல்லூரியில் எழுதிக் கொடுக்கட்டும். அவள் சொல்லும்போது, "உனக்கேன் அந்தக் கூட்டம்?" என்று பெற்றோர் அவள்மேல் பாயாதிருக்க வேண்டும்.

பகவானின் சங்கத்தில் புதியவர் நுழைந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது அவர்களோடு உபாலி என்னும் நாவிதரும் வந்தார். இளவரசர்கள், "எங்கள் குலச்செருக்கு அடங்கும் பொருட்டு உபாலிக்கு முதலில் தீட்சை அளியுங்கள்" என்று வேண்டினர். பகவான் அவ்வாறே செய்தார். நேற்றுவரை தமக்குப் பணிசெய்தவரை அன்றுமுதல் இளவரசர்கள் வணங்கினர். அந்த உபாலியே பின்னர் ராஜகிருகத்தில் கூடிய முதற்சங்கத்தில் விநயத்தை எடுத்துரைத்த பெருமை பெற்றார். வருகிறவனைத் தாழ்த்திச் சேர்க்கும் கூட்டம் ஒருவகை. உள்ளே இருப்பவரின் செருக்கைத் தாழ்த்திச் சேர்க்கும் சங்கம் வேறுவகை. நாம் இரண்டாவதற்கு உரியவர்கள்.

மூன்றாம் கேள்வி: உள்ளே சென்றபின் எல்லார்க்கும் ஒரே பந்தியா?

இதே மும்பையில் பவாய் ஐ.ஐ.டி.யில் 2023ஆம் ஆண்டில், மாணவர் விடுதிகளின் பொது உணவுக்கூடத்தில் ஆறு மேசைகள் சைவ உணவு உண்போர்க்கென்று ஒதுக்கப்பட்டன. அதை எதிர்த்து நின்ற மாணவர் ஒருவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஒருவர் எதை உண்பது என்பது அவரவர் விருப்பம். பக்கத்தில் இருப்பவன் இலையால் தன் இலை தீட்டுப்படும் என்னும்போதுதான் அது பழைய நோயாகிறது.

நெசவாலையில் இளமையைக் கழித்த நமக்கு அந்நோய் ஏட்டுச் செய்தியன்று. முற்காலத்தில் மும்பை ஆலைகளில் நம்மவர் நூற்புப் பகுதியோடு நிறுத்தப்பட்டனர். கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் இடமில்லை. காரணம் யாது? தறியின் நாடாவில் நூல் மாற்றும்போது, அதன் துளையில் வாய்வைத்து நூலை உறிஞ்ச வேண்டும். நம்மவர் வாய்பட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டார்கள். 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகிப் அம்பேத்கர், இத்தடையை நீக்குவதும் தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்றாக வேண்டும் என்று வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் விருப்பமின்றியே இசைந்தனர்.

இதில் நம் பெண்களுக்குப் பாடம் உண்டு. பாபாசாகிப் சங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாய்மூடிச் சேருங்கள் என்றும் சொல்லவில்லை. சேருவதற்கு முன்னே நம் நியாயத்தை மேசைமேல் வைத்தார். நம் பெண்ணும் அவ்வாறே செய்யலாம். "நான் வருகிறேன். நான் பௌத்தப் பெண். பூசையில் கலந்துகொள்ளமாட்டேன், மற்ற வேலையெல்லாம் செய்வேன்" என்று முதல் நாளே அமைதியாகச் சொல்லட்டும். ஏற்றால் அது நல்ல மன்றம். நகைத்து ஒதுக்கினால் நட்டம் அவளுக்கன்று.

பூசையைப் பற்றிப் பெற்றோர்க்குப் பெருங்கவலை உண்டு. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகிப் அளித்த 22 உறுதிமொழிகள் நம்மைக் கட்டுவன. பழைய தெய்வ வழிபாட்டுக்கு நாம் திரும்புவதற்கில்லை. ஆனால் வழிபடாதிருத்தல் வேறு, பிறர் வழிபாட்டை இகழ்தல் வேறு. கணபதி விழாவில் நாற்காலி போடலாம், கணக்கு எழுதலாம், வந்தோரை வரவேற்கலாம். ஆரத்தித் தட்டின் முன் கைகூப்ப வேண்டியதில்லை. நவராத்திரியில் தோழியரோடு கோல் ஏந்தித் தாண்டியா ஆடலாமா என்று சிலர் கேட்கின்றனர். ஆட்டம் வேறு, ஆரத்தி வேறு என்பது நம் கருத்து. நம் சங்கத்தாருள் இதில் மாறுபடுவோர் உளர். அவர்கள் கருத்தையும் மதிக்கிறோம். முடிவில், உறுதிமொழி ஏற்றவள் அவளாதலின் தன் மனச்சான்றைக் கேட்டு அவளே முடிவு செய்யட்டும்.

மாற்றார் நடுவே சென்றால் பெண் மாறிவிடுவாள் என்று அஞ்சுவோர் மணிமேகலையை நினைவிற் கொள்க. வஞ்சி நகரில் பல்வேறு சமயவாதிகளிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டாள். கேட்டு மயங்கினாளா? கேட்டு, எடைபோட்டு, காஞ்சியில் அறவண அடிகளிடம் தம்மம் கொண்டாள். இளம்பெண்ணிடம் யாரும் பொருள் உரையார் என்பதால் அன்று அவள் உருமாறிச் செல்ல நேர்ந்தது. இன்று நம் பெண் தன் உருவிலேயே, தன் பெயரிலேயே செல்லலாம். அந்த உரிமையை நாமே ஏன் கைவிட வேண்டும்?

எந்த மன்றமும் தகுதியாய் இல்லையெனின் என் செய்வது? புதிதாக ஒன்று அமைக்கலாம். 1908இல் வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கருப்பின மாணவியர் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்னும் தம் சொந்தச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். வெள்ளையர் சங்கங்களின் கதவு அவர்களுக்கு மூடியிருந்த காலம் அது. 1913இல் அங்கேயே தோன்றிய டெல்டா சிக்மா தீட்டா என்னும் சங்கத்தார், அவ்வாண்டு மார்ச் மாதமே பெண்களின் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தனர். நம்மவருள்ளும் தமிழ்ப் பெண்மணி மீனாம்பாள் சிவராஜ் அவர்கள் 1945ஆம் ஆண்டில் இம்மும்பையில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். வாரம் ஒருமுறை நான்கு பெண்கள் கூடி ஒரு நூலைப் படித்தாலும் அது மன்றமே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாம் அமைக்கும் மன்றத்தின் வாயிலிலும் அதே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நமக்குள் எந்தப் பிரிவு, எந்த மாவட்டம், தமிழா மராத்தியா என்று பார்த்துச் சேர்த்தால், பழைய வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தவர்களே ஆவோம். 1950இல் ஔரங்காபாத்தில் தாம் தொடங்கிய கல்லூரிக்குப் பாபாசாகிப், நாகசேனரிடம் அஞ்சாது வினாக்கள் தொடுத்த மிலிந்த மன்னனின் பெயரையே சூட்டினார். கேள்வி கேட்க இடம் தருவதே கல்வி; அவ்விடம் எல்லார்க்கும் திறந்திருப்பதே தம்மம்.

பெற்றோர்களே! பெண்ணுக்குத் தடை போடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். பெண்மக்களே! நிமிர்ந்து நுழையக்கூடிய வாயிலில் தயங்காது நுழையுங்கள். குனிந்தால்தான் விடுவோம் என்னும் வாயிலைக் கடந்து நடந்து செல்லுங்கள். உங்கள் வீடு தாராவியில் இருக்கிறது என்று தெளிந்த குரலில் சொல்லுங்கள். அதைக் கேட்டபின்னும் பக்கத்தில் உட்காருகிறவளே உங்கள் தோழி.

புத்த, தம்ம, சங்க என்னும் மும்மணிகளும் உங்களுக்குத் துணையாகுக.

சாது! சாது! சாது!