கணக்குக் கேட்பது கிறிஸ்தவனுக்குத் தகுமா?



உங்கள் பங்கிலே திருவிழா முடிந்து கொடியும் இறக்கியாயிற்று. மாதம் ஒன்று கடந்தும் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? கோவில் வாசலிலேயே கதை தொடங்கிவிடும். மின்விளக்குச் சோடனைக்கு எவ்வளவு, பாண்ட் வாத்தியத்துக்கு எவ்வளவு, மிச்சம் எங்கே என்று நூறு ரூபா கொடுத்தவரும் கேட்பார், பத்தாயிரம் கொடுத்தவரும் கேட்பார். அப்படிக் கேட்டதைப் பாவமென்று எவரும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை. கணக்குச் சரியாக இருந்துவிட்டால் திருவிழாக் குழுவினருக்கும் அது பெருமைதான்.

அதே நாம், நாட்டின் கணக்கு என்று வந்ததும் வாயடைத்துப் போகிறோம். "அரசாங்கத்தோடு நமக்கென்ன வீண் கதை?" என்கிறோம். "அதிகாரத்துக்கு அமைந்து நடக்கும்படிதானே புனித சின்னப்பர் எழுதியிருக்கிறார்?" என்று வேதாகமத்தைத் துணைக்கு அழைப்பவர்களும் நம்மிடையே உண்டு. இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் வரி செலுத்தச் சொன்னது மெய்யே. ஆனால் அதே சின்னப்பர் பிலிப்பி நகரில் என்ன செய்தார் என்பதையும் பார்க்கவேண்டும். விசாரணை எதுவுமின்றி அவரையும் சீலாவையும் பகிரங்கமாக அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள், மறுநாட்காலை ஓசைப்படாமல் போய்விடும்படி ஆளனுப்பினார்கள். அவர் போகவில்லை. தாம் உரோமைக் குடிமகன் என்பதை எடுத்துக்காட்டி, அதிகாரிகள் தாமே நேரில் வந்து வெளியே அழைத்துச் செல்லட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டார். அவர்களும் அச்சத்தோடு வந்தார்கள். வரி செலுத்தச் சொன்ன மனிதர்தாம் அதிகாரியிடம் பொறுப்புக் கேட்ட மனிதரும்.

பணத்தைப் பற்றியே பேசும் பகுதி ஒன்றும் உண்டு. அரசர்கள் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம். யெருசலேம் தேவாலயத்தைப் பழுதுபார்ப்பதற்கென மக்கள் கொடுக்கும் பணத்தை யோவாஸ் மன்னன் குருக்களின் பொறுப்பில் விட்டிருந்தான். அவனது ஆட்சியின் 23ஆம் ஆண்டு வந்தபோதும் வேலை நடக்கவில்லை. மன்னன் யோயாதா குருவையும் மற்றவர்களையும் அழைத்துக் காரணம் கேட்டான். அதன்பின் பலிபீடத்தருகே மூடியில் துவாரமிட்ட பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. அது நிறையும்போதெல்லாம் மன்னனின் எழுத்தரும் தலைமைக் குருவும் ஒன்றாக இருந்து எண்ணினார்கள். குருக்கள் திருடினார்கள் என்று அங்கே எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பணம் வந்தது, வேலை நடக்கவில்லை, அவ்வளவே. கணக்குக் கேட்பதற்கு அது போதுமானதாக இருந்தது. எண்ணும்போது இருவர் இருக்கவேண்டும் என்பதும் அன்றே தெரிந்த விஷயம்.

"தேவாலயப் பணம் மக்கள் கொடுத்தது. அரசாங்கப் பணம் நான் கொடுத்ததா? நான் வரி கட்டுகிறவனல்லவே" என்று கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றிலிருந்து நாட்கூலிக்குப் போகிறவர் சொல்லக்கூடும். அவரும் கட்டுகிறார். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் பெற்றோலும் அன்றுமுதல் அதற்குள் வந்தன. வெள்ளவத்தையில் மாடிவீட்டுக்காரர் வாங்கும் காஸ் சிலிண்டரிலும் அந்தத் தொழிலாளி வாங்கும் சிலிண்டரிலும் ஒரே வரிதான் அடங்கியிருக்கிறது. சம்பாத்தியத்தோடு ஒப்பிட்டால் ஏழையே கூடுதலாகக் கொடுக்கிறார். ஆகையால் "அரசாங்கக் காசு" என்று நாம் சொல்வது வெறும் வாய்ப்பழக்கம். பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது என்று நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுகிறது. அப்படியானால் அமைச்சர் உடைமைக்காரரல்லர், கண்காணிப்பாளரே. யேசுவின் உவமையில் எசமான் கண்காணிப்பாளனை அழைத்துக் கணக்கை ஒப்புவிக்கச் சொல்லுகிறார். நாமோ அந்த உவமையில் எப்போதும் கண்காணிப்பாளனின் இடத்திலே நம்மை வைத்துப் பிரசங்கம் கேட்டுப் பழகிவிட்டோம். பொதுப்பணத்தைப் பொறுத்தவரை நாம் எசமானின் இடத்திலும் நிற்கிறோம் என்பது மறந்துபோயிற்று.

நம் வாசலிலே நடந்ததைச் சொல்கிறேன். கொழும்பு மாநகர சபை உட்பட நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2023 மார்ச் 9ஆம் திகதி தேர்தல் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டத்தில் தேர்தலுக்கென 1000 கோடி ரூபா பாராளுமன்றத்தால் ஒதுக்கப்பட்டிருந்தது. வேட்பு மனுக்களும் ஏற்கப்பட்டன. பின்னர் திறைசேரி பணத்தை விடுவிக்கவில்லை. ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக்கூடாதென்று மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டும் தேர்தல் நடக்கவில்லை. மார்ச் மாதத்தோடு சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் வந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, வெள்ளவத்தை ஒழுங்கையில் வெள்ளம் நின்றாலும் கொட்டாஞ்சேனையில் குப்பை குவிந்தாலும், நாம் வாக்களித்துத் தெரிந்த உறுப்பினர் எவரும் மாநகர சபையில் இருக்கவில்லை.

அன்று சொல்லப்பட்ட நியாயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நாடு வங்குரோத்தாகிக் கிடந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் பணமில்லாதபோது தேர்தல் எதற்கு என்று கேட்டார்கள். பசித்த பிள்ளையின் தாய்க்கு அது நல்ல கேள்வியாகவே தோன்றும். கையிலுள்ள பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்று தீர்மானிப்பது ஆள்பவரின் கடமையும் ஆகும். ஆனால் அந்தத் தீர்மானத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்து, ஒதுக்கியதை மாற்றித் தாருங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டிருக்கலாமே. ஒரு காரியாலயத்துக் கோப்புக்குள்ளே முடித்துவிட்டதுதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு வேறொன்று. வாக்காளர் முன்னே நிற்கவேண்டியவர்களே அந்த நாள் எப்போது வருமென்று தீர்மானித்தார்கள். கணக்குக் கொடுக்க வேண்டியவன் கணக்கு நாளைக் குறிப்பானாகில் அந்த நாள் வருமோ? நிதியமைச்சராகவும் இருந்த அப்போதைய ஜனாதிபதி உட்படப் பொறுப்பானவர்கள் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாக்குறுதியை மீறுவது மாத்திரந்தான் தவறென்று எண்ணவேண்டாம். நிறைவேற்றிய வாக்குறுதிக்கும் கணக்கு உண்டு. 2019 தேர்தலில் வரியைக் குறைப்போம் என்றார்கள். சொன்னபடியே டிசம்பர் 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா விற்பனை செய்பவர் பதிய வேண்டும் என்றிருந்த எல்லை 30 கோடியாக உயர்ந்தது. நாமெல்லாரும் மகிழ்ந்தோம். குறையும் வருமானத்தை எங்கிருந்து ஈடுசெய்வீர்கள் என்று கேட்டவர்கள் சிலரே. அதன்பின் வந்ததை நீங்கள் வரிசைகளில் நின்று அறிந்தவர்கள். வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். 8 ஆகக் குறைந்த வரி பின்னர் 12, 15, 18 என்று ஏறி நம்மிடமே திரும்பிவந்தது. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகள் இருவர், முன்னாள் நிதியமைச்சர் ஒருவர், மத்திய வங்கி, திறைசேரி ஆகியவற்றின் முன்னாள் தலைவர்கள் முதலியோர் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று நால்வருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் கூறியது. வழக்குத் தொடுத்தவர்களில் முன்னாள் நீச்சல் வீரர் ஒருவரும் இருந்தார். அவருக்கென்ன பொருளாதாரம் தெரியும் என்று நாம் கேட்டிருப்போம். நீதிமன்றம் அப்படிக் கேட்கவில்லை.

நாம் ஏன் கேட்பதில்லை? கொழும்புத் தமிழருக்கு அச்சம் வந்தது காரணமின்றியல்ல. 1983ஐ நினைவூட்ட வேண்டியதில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300க்கு மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்த விடியலைக் கண்டவர்களுக்கு "பேசாமல் இரு" என்பதே குடும்ப உபதேசமாயிற்று. அவர்களை நான் குறைகூறமாட்டேன். ஆயினும் அதன் மறுநாள் நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. வெளியேற்றத்தை நிறுத்தும்படி உத்தரவும் பிறந்தது. கேட்பதற்கு ஆளிருந்தபடியால் அது நின்றது.

அச்சத்தைவிட ஆழமான காரணம் வேறொன்று உண்டென்பது என் எண்ணம். நாம் உபகாரம் கேட்கத் தெரிந்தவர்கள். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க ஒரு கடிதம், மகனுக்கு வேலைக்கு ஒரு சொல், ஒழுங்கைக்கு ஒரு வண்டி தார். இவற்றுக்காக அரசியல்வாதியின் வீட்டுத் திண்ணையில் பொறுமையோடு காத்திருப்போம். கிடைத்தால் மாலையும் போடுவோம். நமது பணத்தால் நமக்குச் செய்யவேண்டியதை அவரது தயவாக வாங்கிக்கொண்ட பிறகு, எந்த முகத்தோடு அவரிடம் கணக்குக் கேட்பது? கடன்பட்டவனின் நாக்கு எழும்பாது. எழும்பாத நாக்கு என்ன செய்யும்? வீட்டுக்குள்ளே "எல்லாரும் கள்ளர்" என்று தூற்றும். ஆதாரமில்லாமல் ஒருவரைக் கள்ளன் என்பது எட்டாம் கற்பனைக்கு விரோதம். ஆதாரத்தைக் கேட்டு வாங்குவதோ எவருக்கும் விரோதமன்று. நேர்மையான உத்தியோகத்தருக்கு அது காவலும் ஆகும். சாமுவேல் தீர்க்கதரிசி முதிர்வயதில் மக்கள் முன் நின்று, தாம் எவருடைய எருதையாவது கழுதையையாவது எடுத்ததுண்டா என்று தாமாகவே கேட்டார். இல்லையென்று மக்கள் சாட்சி கூறினார்கள்.

உயிர்த்த ஞாயிறின் காயத்தைச் சுமந்த குடும்பங்கள் இதில் நமக்கு முன்னே நடந்துவிட்டன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவப்பிட்டியிலும் மற்ற இடங்களிலும் உறவுகளை இழந்தவர்கள், குருக்கள், வழக்கறிஞர்கள் எனப் பலர் நீதிமன்றத்தை நாடினார்கள். முன்னெச்சரிக்கை கிடைத்தும் ஏன் காக்கவில்லை என்பதே அவர்கள் கேட்டது. 2023 ஜனவரி 12ஆம் திகதி வந்த தீர்ப்பு, முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபாவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீட்டு நிதிக்குக் கொடுக்கும்படி கட்டளையிட்டது. பொலிஸ், பாதுகாப்பு உயர் அதிகாரிகளுக்கும் தொகைகள் குறிக்கப்பட்டன. அந்தச் "சொந்தப் பணம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆள்பவரின் தவறுக்கு மறுபடியும் பொதுப்பணப் பெட்டியில் கைவைக்க விடவில்லை.

உயர் நீதிமன்றம்வரை எல்லாரும் போகவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரஜை எவரும் எந்த அரச அலுவலகத்திலும் எழுத்தில் கேட்கலாம், தமிழில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு செய்யவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு.

வீட்டில் உயர்தரம் படிக்கும் மகளிடம் ஒரு தாளைக் கொடுங்கள். கேள்வி சிறியதாக இருக்கட்டும். எங்கள் ஒழுங்கையின் வடிகாலுக்குக் கடந்த ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, வேலையைப் பொறுப்பேற்றவர் யார், முடித்ததாக ஒப்பமிட்டவர் யார்? விடை வந்ததும் பக்கத்து வீட்டுச் சிங்களவருக்கும் எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் வாசித்துக் காட்டுங்கள். மழை வந்தால் அவர்கள் அறைக்குள்ளும் அதே தண்ணீர்தான் ஏறுகிறது.