கரையில் ஓடும் குருவிகள்



2018 நவம்பர் 16 விடியற்காலம் கஜா புயல் அடித்ததை நம்மில் யார் மறக்க முடியும்? ஜெபவீட்டின் கூரைத் தகடுகள் பறந்தன. விசுவாசிகளின் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. “ஆண்டவரே, இந்த ஜனங்களுக்கு என்னத்தைப் பிரசங்கிப்பேன்?” என்று அங்கலாய்த்து, சில நாள் கழித்து மணமேல்குடி கடற்கரைக்குப் போனேன். ஜெபிக்கத்தான் போனேன். வாயில் வார்த்தை வரவில்லை.

அங்கே நமது சபையின் வயதான தாயார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் குடிசையும் போய்விட்டது. “பாஸ்டர், சத்தம் போடாம உக்காருங்க. அங்க பாருங்க” என்றார்.

தண்ணீர் வற்றிய சேற்றில் சின்னஞ்சிறு உள்ளான்கள்! தண்ணீர் பின்வாங்கினால் விரட்டிக்கொண்டு ஓடிப் புழுவைக் கொத்துகின்றன. திரும்பி வந்தால் விழுந்தடித்து ஓடி வருகின்றன. தாயார் பொக்கை வாயோடு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். உடனே மனசு உறுத்தியது. ஜனங்கள் அழும்போது போதகன் சிரிக்கலாமா?

“இதையும் அவர்தானே குடுத்தாரு, பாஸ்டர்” என்றார் தாயார்.

தேவபிள்ளைகளே, கொசு உள்ளான் முப்பது கிராம்கூட இராது. சைபீரியாவின் வடகோடியில் பொரித்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து நம் நாட்டுக் கரைகளுக்கு வருகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த மூக்கான் ஒன்று, ஐந்தே மாதக் குஞ்சு, 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. வழி காட்டினவர் யார்?

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கவலைப்பட வேண்டாம் என்றார். அதைப் பிரசங்கிக்கிறோம். பறவைகளைக் கவனிக்கவும் சொன்னாரே (மத்தேயு 6:26), அதை எத்தனை பேர் செய்தோம்? நான் செய்ததில்லை.

குருவியைப் பார்த்ததினால் கூரை திரும்பி வரவில்லை. ஆனால் அன்று மத்தியானம் அந்தத் தாயாருக்குத் தார்ப்பாய் கட்ட எனக்குப் பெலன் வந்தது. ஞாயிறு ஆராதனைக்குச் செய்தியும் கிடைத்தது.

அக்டோபர் முதல் மார்ச் வரை அவை நம் விருந்தாளிகள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலையில் போங்கள். கல் எறிய விடாதேயுங்கள். எதுவும் கேட்காமல் சும்மா பாருங்கள். அதுவும் ஸ்தோத்திரமே.

கர்த்தர்தாமே உங்களைச் சந்தோஷத்தினால் நிரப்புவாராக. ஆமென்.