முன்கொடையும் கைம்மாறும்

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ரப்பர்க் கன்றை நட்டவர்கள் மறு ஆண்டே உளியைக் கையில் எடுத்ததில்லை. ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை மரம் பருக்கட்டும் என்று காத்திருந்தனர். அடிமரம் உரிய சுற்றளவை எட்டுமுன் பட்டையைச் சீவினால் சிறிது பால் கிடைக்கலாம். மரத்தின் வளர்ச்சியோ குன்றிவிடும். எழுதப் படிக்க வாய்ப்புப் பெறாத தொழிலாளியும் இவ்வுண்மையை அறிந்திருந்தார். அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், அன்று தோட்டத்தில் நிலவிய அப்பொறுமை, பல்கலைக்கழகங்கள் இளம் விரிவுரையாளர்க்கு ஆய்வுப் பொருள் வழங்கும் முறையில் நிலவுகின்றதா என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

ஆய்வுலகில் புதிதாக அடியெடுத்து வைப்பவரிடம் காட்டுதற்குப் பெரிய சாதனை ஏதும் இராது. சாதனை இல்லாதவர்க்குப் பொருள் கிடைப்பது அரிது; பொருள் இல்லாதவர் சாதனை புரிவதும் அரிது. நீந்தக் கற்ற பின்னரே ஆற்றில் இறங்குக என்று ஆணையிடுவதை ஒத்தது இந்நிலை. இம்முடிச்சை அவிழ்ப்பதற்கென்றே உலகின் பல நாடுகளில் இளம் ஆய்வாளர்க்குத் தனி நல்கைகள் ஏற்பட்டுள்ளன. மலேசிய உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டத்திலும் அவர்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்று அண்மை ஆண்டுகளில் வகுக்கப்பட்டது. இங்கு அறவினா ஒன்று எழுகின்றது. தகுதியை மெய்ப்பிக்குமுன் ஒருவரை நம்பிப் பொதுப்பொருளைக் கொடுத்தல் முறையாகுமா? கொடுத்தால், பெற்றவர் யாருக்கு, எவ்வகையில் கடன்பட்டவர்?

இவ்வினாவிற்கு ஒரு நூற்றாண்டிற்கு முன்னரே சென்னையில் ஒரு விடை கிடைத்தது. கல்லூரித் தேர்வில் தேறாது, பட்டம் பெறாது, சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர் சீனிவாச இராமானுசன். அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913ஆம் ஆண்டு மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. மூன்று திங்களுக்கு ஒருமுறை அவர் தம் ஆய்வின் நிலையை அறிக்கையாக அளிக்க வேண்டியிருந்தது, அவரும் அளித்தார். 1914இல் கேம்பிரிட்சு சென்றதும், 1918இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றதும் பின்னர் நிகழ்ந்தவை.

இராமானுசன் வென்றார், ஆகவே கொடுத்தது சரி என்று முடிவு கட்டுதல் எளிது. ஆயின் அது நேரிய வாதம் அன்று. உதவித்தொகை வழங்கியோர் வருங்காலத்தைக் கண்டவர் அல்லர். அவர்முன் இருந்தவை சில குறிப்பேடுகளும், அவற்றைப் படித்துணரத்தக்க அறிஞர் சிலரின் கருத்துமே. அவற்றை ஆராய்ந்தனர், தெளிந்தனர், கொடுத்தனர். அவர் நோயுற்று மறுமாதமே ஆய்வைக் கைவிட்டிருப்பினும் அம்முடிவின் நேர்மை குன்றியிராது. ஒரு கொடையின் அறத்தன்மை பின்னர் விளைந்த பயனைக் கொண்டன்று, கொடுக்குங்கால் காட்டிய ஆராய்ச்சியையும் நம்பிக்கையையும் கொண்டே அளக்கத்தக்கது.

மலாயாத் தமிழர் வரலாற்றிலும் இத்தகைய முன்கொடை ஒன்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. அங்கு அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் முதன்மை பெறவேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் இடையறாது வாதிட்டார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் அவர் திரட்டிய நிதி, பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டது. வணிகரும் ஆசிரியரும் மட்டுமன்றி எளிய உழைப்பாளரும் தம்மால் இயன்றதை அளித்தனர். அந்நூலகத்தின் நூல்களைத் தாம் என்றேனும் எடுத்துப் படிப்போம் என்று கருதி அவருள் பலர் கொடுத்திருக்க இயலாது. முகமறியாத மாணாக்கர் ஒருவர் படிப்பார் என்று நம்பியே கொடுத்தனர். 1956இல் அத்துறை தொடங்கிற்று. பின்னர்க் கோலாலம்பூரில் நிலைபெற்றது. தனிநாயகம் அடிகளார் 1961இல் அதன் தலைமையை ஏற்றார். தொடங்கிப் பத்தே ஆண்டுகளில், 1966 ஏப்பிரலில், முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது.

இன்றைய இளம் விரிவுரையாளரின் நிலை யாது? 2006ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பெற்ற பின்னர், ஆய்விதழ் வெளியீடுகளின் எண்ணிக்கை பெற்ற முதன்மை மிகுந்தது. நல்கையின் காலமோ இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். தோட்டப்புறங்களில் வாழ்ந்த முதியோரின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுக்க விரும்பும் ஒருவரை எண்ணுக. அம்முதியோர் இன்று கிள்ளான், காப்பார், பந்திங் என்று பல ஊர்களில் பிரிந்து வாழ்கின்றனர். அவர்களைத் தேடிக் காணவேண்டும்; பன்முறை சென்று பழக வேண்டும்; பாடியதைப் பதிந்து, எழுதி, ஒப்புநோக்க வேண்டும். அதற்குள் காலம் முடிந்துவிடும். கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடியால் அவர் அப்பொருளைக் கைவிட்டு, விரைந்து முடியக்கூடிய சிறு பொருளை மேற்கொள்வார். அல்லது ஓர் ஆய்வையே நான்காக அறுத்து நான்கு கட்டுரைகளாக்குவார். இது பருவம் எய்தாத மரத்தைச் சீவுதல் அன்றோ?

ரப்பர் ஆராய்ச்சியே இதற்கு மாறான சான்று. 1925இல் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது விதித்த வரியைக் கொண்டு இயங்கியது. விடியற்காலையில் பால் வெட்டிய கைகளின் உழைப்பிலிருந்தே அப்பொருள் பிறந்தது. 1937இல் அங்கு நிகழ்ந்த மகரந்தக் கலப்பில் உருவான '600' என்னும் இனம் பல்லாண்டு ஆய்விற்குப் பின்னரே தோட்டங்களில் பரவிப் பெரும்பயன் தந்தது. மரத்திற்குக் காட்டிய பொறுமையை மனிதர்க்குக் காட்டலாகாதா?

பொதுப்பொருளைப் பெற்றவரிடம் கணக்குக் கேளாதிருப்பது எங்ஙனம் என்று சிலர் வினவுவர். கேட்க வேண்டியதே. ஆயின், எண்ணிக்கை கேட்பது வேறு. கணக்குக் கேட்பது வேறு. என் செய்தார், எங்குத் தடைப்பட்டார், எது பிழையெனக் கண்டார் என்பனவற்றை உள்ளவாறு உரைப்பதே ஆய்வாளரின் கணக்கு. 'இவ்வழி செல்லாது' என்று நேர்மையுடன் எழுதிய தோல்வியும் பின்வருவோர்க்கு வழித்துணையாகும். வெற்றிபோல் புனைந்த அறிக்கையோ அவர்களையும் வழிதப்பச் செய்யும். வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாது ஒருவரை நம்புதலும், நம்பியபின் அவரை ஐயுறுதலும் ஆகிய இரண்டும் தீராத துன்பம் தரும் என்பது அதன் முடிந்த கருத்து. தேர்வுக்குழு கடுமையாக இருக்க வேண்டிய இடம் கொடுப்பதற்கு முன். கொடுத்த பின்னர் வேண்டுவது பொறுமை.

இனி, பெற்றவரின் கடன். பல்கலைக்கழகத்திற்குரிய அறிக்கையுடன் அது முடிந்துவிடாது. ஆய்வுப் பொருள் அரசின் கருவூலத்திலிருந்து வரினும், நன்கொடையாளரிடமிருந்து வரினும், அதன் வேர் அவ்வாய்வைப் படிக்க வாய்ப்பில்லாத பலருடைய உழைப்பில் உள்ளது. அவர்களுக்குச் செய்யும் கைம்மாறு இரண்டு. ஒன்று, ஆய்வில் பொய் கலவாமை. மற்றொன்று, கண்ட உண்மையை அவர்கள் மக்களுக்கு விளங்கும் மொழியில் ஒருமுறையேனும் எடுத்துரைத்தல். உலக அறிஞர்க்கென ஆங்கிலத்தில் எழுதுவது தேவையே; ஆயின், கிள்ளான் முதியவர் பாடிய பாடலைப் பற்றிய ஆய்வை அவர் பேரன் பயிலும் பள்ளியின் ஆசிரியர் தமிழில் படிக்க இயலாதெனின், கடனில் ஒரு பகுதி தீராமலே நிற்கும்.

அன்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குக் கொடுத்தவர்கள் எவரிடமும் மெய்ப்பித்துக் காட்டுமாறு கேட்கவில்லை. ஆகவே கணக்குத் தீர்ந்தது என்பதில்லை. கேளாது கொடுத்தவர்க்குப் பட்ட கடனே கேட்டு வாங்கும் கடனினும் பெரிது.