மண் மனிதரும் புதிய உலகமும்

இவ்வுலகம் இன்றுள்ளவாறே நீடித்தல் தகாது என்று கருதுவோர் பலர். நாமும் அவர்களுள் அடங்குவோம். ஆயினும், உள்ளதை வெறுத்தல் என்ற ஒன்று மட்டுமே ஒருவனுக்குப் புதிய உலகைப் படைக்கும் உரிமையை வழங்கிவிடுமா? அப்புதிய உலகில் யார் உழைப்பர், யாருடைய துன்பத்தின் மீது அது நிலைபெறும் என்பவற்றை எண்ணிப் பாராதவன் அவ்வுரிமையைக் கோரலாமா? இவ்வினாவை, நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், யப்பானிய வீடியோ விளையாட்டொன்றில், மிகக் கூர்மையாக எழுப்பியிருக்கக் காண்கிறோம்.

வீடியோ விளையாட்டு என்றதும் முகஞ்சுளிக்கும் ஆசிரியர் நம்மிடையே உளர். ஒரு காலத்தில் நாவலைப் பற்றியும், பின்னர் சினிமாவைப் பற்றியும் இவ்வாறே முகஞ்சுளித்தனர். நம் மாணவர் பல மணிநேரம் ஈடுபடும் ஒன்றை, அதன் உள்ளடக்கத்தை அறியாமலே ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையாகாது.

நாம் குறிப்பிடும் விளையாட்டு, அட்லஸ் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் யப்பானில் வெளியிட்ட ‘ஷின் மெகாமி டென்செய் 3: நொக்டேர்ன்’ என்பதாகும். பிளேஸ்டேசன் 2 கருவிக்கென ஆக்கப்பட்ட இது, 2020இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தது. டோக்கியோ நகரத்து மாணவன் ஒருவன், இரு நண்பருடன், நோயுற்றிருப்பதாகக் கருதப்பட்ட தன் ஆசிரியையைக் காண ஷின்ஜுகு பகுதி மருத்துவமனைக்குச் செல்கிறான். அன்றே உலகம் அழிகிறது. டோக்கியோ மட்டும் ஒரு பந்தின் உட்புறம்போல் வளைந்து எஞ்சுகிறது. அதன் நடுவே ககுட்சுச்சி என்னும் ஒளி தொங்குகிறது. மாணவன் பாதி மனிதனும் பாதி பூதமுமாக மாற்றப்படுகிறான். இனி யார் ஒரு நியதியை வகுத்து, அதற்குரிய ஆற்றலையும் தெய்வத் துணையையும் பெற்று, அவ்வொளியை அடைகிறாரோ அவர் விரும்பியவாறே அடுத்த உலகம் அமையும்.

மூன்று நியதிகள் போட்டியிடுகின்றன. அழிவை நிகழ்த்திய ஹிகாவா ஒரு கம்பனி நிர்வாகி. ஆசையும் உணர்ச்சியும் அற்று, அனைத்தும் ஒரே ஒழுங்கில் அசைவற்றிருக்கும் உலகு அவனது இலட்சியம். சியாகி என்னும் மாணவி, வலியோர் மட்டுமே வாழத் தகுந்தோர் என்கிறாள். இசாமு என்னும் மாணவன், ஒவ்வொருவனும் பிறர் தொடர்பின்றித் தன்னுள்ளேயே வாழும் உலகை வேண்டுகிறான். இவை வெறுங் கற்பனைகளெனத் தோன்றவில்லை. மனிதரை யந்திர உறுப்பாக்கும் நிர்வாகம், எளியோரை மிதித்தேறும் போட்டி, அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் தனிமை ஆகிய மூன்றும் நாம் வாழும் சமுதாயத்தில் ஏலவே உள்ளவை. அவை ஒவ்வொன்றும் முழு உலகாக வளர்ந்தால் யாது நிகழும் என்பதையே இவ்விளையாட்டு காட்டுகிறது.

ஆசிரியர்களாகிய நம்மை உறுத்தும் பாத்திரம் ஒன்றுண்டு. யூகோ தகாவோ என்னும் அவ்வாசிரியையே அழிவுக்குத் துணைநின்றவர். பழைய உலகு உயிர்த்துடிப்பை இழந்துவிட்டது என்பது அவர் கருத்து. மனிதர் மீண்டும் வேட்கையோடு வாழவேண்டும் என்று அவர் மெய்யாகவே விரும்பினார். ஆயின் அவரால் ஒரு நியதியை வகுக்க இயலவில்லை. எது வேண்டாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எது வேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. அதன் விளைவு யாது? தெளிவான திட்டமுடைய ஹிகாவா, ஆற்றலை உறிஞ்சும் தன் யந்திரத்துக்கு அவரையே கருவியாக்கிக் கொள்கிறான். இலக்கற்ற நல்லெண்ணம் தீயோன் கைக் கருவியாதல் கதையில் மட்டும் நிகழ்வதன்று. 1995 மார்ச் 20இல் இதே டோக்கியோவின் சுரங்க இரயில்களில் ஓம் ஷின்ரிகியோ என்னும் சமயக் குழுவினர் சாரின் நச்சுவாயுவைப் பரப்பினர். பன்னிருவருக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் பாதிப்புற்றனர். உலகமுடிவைப் போதித்த அக்குழுவில் மருத்துவரும் விஞ்ஞானப் பட்டதாரிகளும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை நோக்குவோம். ‘மகட்சுஹி’ எனப்படும் அது உணர்ச்சியிலிருந்து, சிறப்பாக வேதனையிலிருந்து, பிறப்பது. அழிந்த நகரில் மண்ணால் ஆகிய மனிதர் சிலர் வாழ்கின்றனர். நடுங்கும் உடலும் தடுமாறும் நடையும் உடைய அவர்களை எல்லோரும் இழிந்தோராகவே கருதுகின்றனர். கபுகிச்சோ சிறையில் அவர்களை அடைத்து, வதைத்து, மகட்சுஹியைப் பிழிந்தெடுக்கின்றனர். விடுதலை பெற்றபின் இம்மண் மனிதர் யாது செய்கின்றனர்? அசகுசா பகுதிக்குச் சென்று இடிபாடுகளிடையே ஒரு நகரை மீண்டும் கட்டுகின்றனர். புதிய உலகைப் பற்றி ஓயாது பேசுவோர் எவரும் ஒரு சுவரையேனும் எழுப்பவில்லை. எழுப்பியவர் இவர்களே.

பின்னர், ஃபுதோமிமி என்னும் தம் தலைவனின் கீழ், தமக்கும் ஓர் உலகு வேண்டுமென அவர்கள் முயல்கையில், சியாகி பூதப்படையுடன் வந்து அவர்களைக் கொன்றொழிக்கிறாள். விளையாடுபவன் அவளுக்குத் துணைபோகலாம். மறுத்து அவளுக்காகப் போரிடும் தேவதூதரை எதிர்க்கலாம். எதைத் தேர்ந்தாலும் மண் மனிதர் மாள்கின்றனர். பிந்தி வந்த நியாயவுணர்வு எவரையும் காப்பாற்றுவதில்லை என்ற இக்கசப்பான செய்தியை இவ்விளையாட்டு மறைக்கவில்லை.

இத்துடன் அது நின்றுவிடவுமில்லை. சியாகியை வெறுக்கும் விளையாட்டாளன் அதுவரை எவ்வாறு வாழ்ந்தான்? இங்கு எதிரியின் பலவீனத்தைக் கண்டு தாக்கினால் மேலும் ஒருமுறை தாக்கும் வாய்ப்புக் கிட்டும். குறி தவறினால் வாய்ப்புகள் பறிபோகும். எதிரிக்கும் இதே விதிதான். நாயகன் வீழ்ந்தால், துணைவர் உயிரோடிருப்பினும் ஆட்டம் முடிந்துவிடும். எனவே பூதங்களைப் பேசியும் பொருள் கொடுத்தும் துணையாக்குகிறான். பின்னர் இரு துணைவரை ஒன்றாக உருக்கி, அவர்களினும் வலிய ஒருவனைப் பெறுகிறான். உருகியோர் மறைந்துபோகின்றனர். அவர்களுக்காக அவன் வருந்துவதில்லை. நாவினால் சியாகியின் நியதியை மறுப்பவன், கைகளினால் அதனையே பல மணிநேரம் பயின்றிருக்கிறான்! ஆட்டத்தின் விதிகள் அவனுக்கு வேறு வழி விடவில்லை என்பது மெய்யே. எனினும் வேறு வழியில்லை என்பது அனைத்துக் கொடியோரும் கூறும் நியாயமன்றோ?

மூன்று நியதிகளையும் ஒதுக்கிப் பழைய உலகையே மீட்கும் முடிவும் இவ்விளையாட்டில் உண்டு. நம்முட் சிலர் இதைப் பிற்போக்கெனக் கூறலாம். உள்ளதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் மனநிலை இதுவாயின் அக்குற்றச்சாட்டு பொருந்தும். ஆயினும் மீண்ட உலகில் குறைகள் உளவென்பது போலவே, அவற்றை மாற்றக்கூடிய மக்களும் உளர். துடைத்தழிக்கப்பட்ட வெளியில் எஞ்சுவோர் ஒரு சில நியதியாளரும், அவர்களால் பிழியப்படுவோருமே. மாற்றம் மக்களுக்காக வேண்டப்படுவதாயின், மக்களை அழித்தபின் அது யாருக்காக?

முற்போக்கு எண்ணங்கொண்ட இளைஞர், எல்லாம் அழிந்தால்தான் நல்லது பிறக்கும் என்று சினந்து கூறுவதை நாம் கேட்கிறோம். அச்சினத்தின் காரணங்கள் உண்மையானவை; அதை ஏளனஞ் செய்தல் தவறு. அவர்களிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றே. நீர் வேண்டும் உலகில் அசகுசாவைக் கட்டிய மண் மனிதருக்கு இடமுண்டா? அவர்கள் அதன் விறகாக இருப்பரா, அன்றி அதனை வகுப்போராக இருப்பரா? இதற்கு விடைகூற இயலாத கொள்கை, எத்துணை அழகிய பெயரைப் பூண்டிருப்பினும், ஹிகாவாவின் யந்திரத்திலிருந்து வெகுதொலைவில் இல்லை. இவ்வினாவை மாணவரிடம் எழுப்புமுன் நம்மிடமே எழுப்பிக்கொள்ளுதல் ஆசிரியராகிய நம் கடனாகும்.