நிற்காத கப்பல்கள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள் அட்லாண்டிக்கைப் பெரும்பாலும் கூட்டமாகக் கடந்தன. பக்கத்துக் கப்பல் டார்ப்பிடோ பட்டு மூழ்கினாலும் மற்றவை நிற்கக் கூடாது என்பது பொது உத்தரவு. வரிசையின் கடைசிக் கப்பலோ காவல் கப்பலோ முடிந்தால் ஆட்களைத் தூக்கும். முடியாவிட்டால் இல்லை. நின்ற கப்பல்தான் நீர்மூழ்கிக்கு அடுத்த இலக்கு.

கணக்கு சரிதான். தண்ணீரில் பத்துப் பேர், கப்பலில் நாற்பது பேர் என்றால் யாரும் இதே விடையைத்தான் சொல்வோம். ஆனால் மேல்தளத்தில் நிற்கிறவனுக்குக் கூப்பிடுகிற குரல் கேட்குமே! அவன் சிப்பாய்கூட இல்லை, சம்பளத்துக்குக் கப்பலேறிய மாலுமி. விடை சரி என்பதால் அந்தக் குரல் அடங்கிவிடுமா?

அடங்காது என்றுதான் நினைக்கிறேன். அடங்கவும் கூடாது. வேறு வழியில்லாமல் செய்த சரியான காரியமும் ஒரு கடனை மிச்சம் வைக்கும். அதைக் குற்ற உணர்ச்சி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

1941 ஜனவரியிலிருந்து மீட்புக் கப்பல்கள் வரத் தொடங்கின. பெரும்பாலும் சின்னப் பயணிக் கப்பல்கள்; மருத்துவரோடு வரிசையின் கடைசியில் போகும். எல்லாப் பயணங்களுக்கும் அவை கிடைக்கவில்லை. ஆனாலும் போர் முடிவதற்குள் 4,000-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கினார்கள்.

மற்ற கப்பல்களுக்கான விதி மாறவில்லை. நிற்பதற்கென்றே ஒரு கப்பல் வந்தது, அவ்வளவுதான். "கணக்கு சரி" என்பதோடு எல்லோரும் திருப்தியாகியிருந்தால் அதுவும் வந்திருக்காது.